வெள்ளைபடுதல்னு ஒரே பேரு, உள்ள நாலு விஷயம்: மாசமா இருக்கும்போது வர்ற தொற்று பத்தி

கிளினிக் நாள்ல பெஞ்சு முழுக்க ஆளுங்க இருப்பாங்க, எல்லார் கையிலயும் கிளினிக் காட் இருக்கும். மிட்வைஃப் மிஸ் எடை பாத்து பிரஷர் பாத்து எழுதிக்கிட்டே "வேற ஏதும் கரைச்சல் இருக்கா"ன்னு கேப்பாங்க. பக்கத்துல பத்து பேரு காதுல விழுற தூரத்துல நிக்கும்போது "இல்ல மிஸ்"ங்கிறத தவிர வேற என்ன பதில் வரும். அப்படியே சொன்னாலும் "வெள்ளப்படுது"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிரும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள சாதாரணமா வர்ற நீரும் இருக்கு, மூணு வேற வேற தொற்றும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற, சிலதுக்கு மருந்தே தேவையில்ல. கொழப்பம் எல்லாம் இங்கதான் தொடங்குது, அதனால அடியிலருந்து பாத்துட்டு வருவோம்.

உள்ள என்ன நடக்குது

பிறப்புறுப்போட உள்பக்கம் கிருமியே இல்லாத எடம் கிடையாது. அங்க நல்ல பக்டீரியா கோடிக்கணக்குல வாழுது, அதுல முக்கியமானது லக்டோபசிலஸ், தயிர் புளிக்க வைக்குற பக்டீரியா இருக்கே, அதோட சொந்தக்காரங்க. உள் சுவர்ல இருக்குற செல்லுங்க கிளைக்கோஜன்ங்கிற மாச்சத்தை சேத்து வச்சிருக்கும், அதுலருந்து வர்ற சர்க்கரையை இந்த பக்டீரியா லக்டிக் அமிலமா மாத்துது. அதனால உள்ள எப்பவும் புளிப்புத்தன்மை இருக்கும், பீ.எச். கணக்குல சொன்னா 3.8லருந்து 4.5க்குள்ள (இந்த நம்பர் கொறைய கொறைய புளிப்பு கூடுதுன்னு அர்த்தம்). இந்தப் புளிப்புதான் காவல், கெட்ட கிருமிங்களுக்கு இது ஒத்துக்காது.

மாசமானதும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ரொம்ப கூடும். உள் சுவர் தடிக்கும், கிளைக்கோஜன் கூடும், ரத்த ஓட்டம் கூடும், நீரும் கூடும். லக்டோபசிலஸுக்கு சாப்பாடு நெறைய கெடைக்குது, அது நல்லது. ஆனா அதே சர்க்கரை ஈஸ்ட்ங்கிற ஃபங்கஸுக்கும் சாப்பாடு. ஒடம்போட எதிர்ப்பு சக்தியும் பிள்ளையை வெளியாள்னு நெனச்சு தாக்காம இருக்க தன் போக்கை கொஞ்சம் மாத்திக்கும். மாசமா இருக்கும்போது இந்தத் தொற்று சிலது சுலபமா வர்றதுக்கு இதுதான் காரணம்.

எது சாதாரணம்

தண்ணி மாதிரியோ பால் மாதிரியோ வெள்ளையா, கெட்ட வாடை இல்லாம, அரிப்பு எரிச்சல் இல்லாம வந்தா அது கர்ப்பத்தோட வழக்கமான நீர். மாசம் ஏற ஏற கூடத்தான் செய்யும். இதுக்கு மருந்தே வேணாம், உள்ளாடையை மாத்திக்கிட்டா போதும்.

நம்ம பக்கம் ரெண்டு பழைய நம்பிக்கை இருக்கு. ஒண்ணு ஒடம்பு சூடுனால வருதுங்கிறது, அதுக்காக வெந்தயம் ஊறப்போட்டு குடிக்கிறது. இன்னொண்ணு எலும்பு உருகி வெள்ளையா போகுதுங்கிறது. ரெண்டாவது நெறைய பேரை பயப்பட வைக்குது, மெலிஞ்ச பொண்ணா இருந்தா "எலும்பெல்லாம் உருகிப் போச்சு"ன்னே சொல்லிருவாங்க. எலும்பு உருகி வெளிய வர்றதுக்கு ஒடம்புல வழியே இல்ல, வர்றது செல்லும் சளியும் நீரும்தான். தலை சுத்தலும் களைப்பும் இருந்தா அதை வெள்ளைபடுதல் மேல போடாம ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பாக்கணும், தேயிலை மலையில வேலை செய்ற பொம்பளைங்களுக்கு களைப்புக்கு பின்னால ரத்தசோகை இருக்குறது சகஜம்.

தொற்றுன்னு சொல்றது எதை

1. பக்டீரியல் வஜினோசிஸ், சுருக்கமா பீ.வீ. இதைத்தான் முதல்ல சொல்லணும், ஏன்னா இதுதான் ரொம்ப அதிகம், பேரும் ரொம்ப பேருக்கு தெரியாது. இதுல வெளியிலருந்து ஒரு புதுக் கிருமி வந்து தாக்குதுன்னு சொல்ல முடியாது. லக்டோபசிலஸ் கொறைஞ்சு, புளிப்பு கொறைஞ்சு, ஏற்கனவே கொஞ்சமா இருந்த கார்ட்னரெல்லா மாதிரி பக்டீரியாங்க பெருகிக்கிருது. நீர் மெல்லிசா சாம்பல் கலந்த வெள்ளையில இருக்கும், மீன் வாடை வரும், கணவனோட சேர்ந்ததுக்கு அப்புறம் அந்த வாடை கூடும். அரிப்பு அனேகமா இருக்காது. டொக்டர்மார் நாலு விஷயம் பாப்பாங்க: நீரோட தன்மை, பீ.எச். 4.5க்கு மேல போயிருக்கா, ஒரு ரசாயனத் துளி விட்டா மீன் வாடை வருதா, மைக்ரஸ்கோப்புல பக்டீரியா அப்பின செல்லு தெரியுதா. நாலுல மூணு இருந்தா பீ.வீ. இந்த முறை 1983லருந்து இருக்கு.

இது வந்ததை வச்சு வீட்டுல யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது, இதை அழுத்தியே சொல்றேன். தாம்பத்தியத்தோட தொடர்பு இருக்குறது உண்மை, கணவனுக்கும் சேத்து மருந்து குடுத்தா திரும்ப வர்றது கொறையுதுன்னு 2025ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஒரு ஆய்வும் சொல்லுது. ஆனா சோப்பு போட்டு உள்ள கழுவுறது மாதிரி வேற காரணத்தாலயும் அந்த சமநிலை குலையும், கணவன் வேற எங்கயோ போனதுக்கு இது சாட்சி ஆகாது.

2. ஈஸ்ட் தொற்று, கன்டிடா. தயிர் தெறிச்ச மாதிரி கட்டி கட்டியா வெள்ளை, தாங்க முடியாத அரிப்பு, வெளிப்பக்கம் செவந்து வீங்கி ஒண்ணுக்கு போகும்போது எரியும், வாடை பெருசா இருக்காது. கர்ப்பத்துல கடைசி மாசங்கள்ல கூட வரும். சர்க்கரை வியாதி இருந்தாலோ, வேற எதுக்காவது அன்டிபயோட்டிக் குடிச்சிருந்தாலோ இன்னும் சுலபமா வரும், ஏன்னா அன்டிபயோட்டிக் நல்ல பக்டீரியாவையும் சேத்து கொன்னுருது. திரும்பத் திரும்ப வந்தா சர்க்கரை டெஸ்ட்டை மறுபடி பாக்க சொல்லி கேளுங்க. பிள்ளைக்கு பெரிய ஆபத்து இல்ல, ஆனா பிரசவ நேரம் இருந்தா பிள்ளை வாயில வெள்ளை படலம் வரலாம், அதுக்கும் மருந்து இருக்கு.

3. ட்ரைக்கோமோனாஸ். இது ஒரு ஒட்டுண்ணி, தாம்பத்திய வழியாத்தான் பரவுது. மஞ்சளோ பச்சையோ கலந்து நொரையா வரும், வாடையும் அரிப்பும் இருக்கும், பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்ல, அதனால கணவன் "எனக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்றது உண்மையாவே இருந்தாலும் அவருக்குள்ள கிருமி இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மருந்து குடிக்கலன்னா திரும்ப வந்திரும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல பாலியல் நோய் பாக்குற எஸ்.டி.டி. கிளினிக் இருக்கு, காசு இல்ல, விஷயம் வெளிய போகாது.

இதோட குரூப் பி ஸ்ட்ரெப்னு ஒரு பக்டீரியா பேரும் சில ரிப்போட்ல வரும். அது குடல்லயும் பிறப்புறுப்புலயும் தொந்தரவு இல்லாம குடியிருக்கும், உலகத்துல மாசமா இருக்குறவங்கள்ல கிட்டத்தட்ட 18 வீதம் பேருக்கு இருக்கு. தாய்க்கு அனேகமா ஒண்ணும் இல்ல, பிரசவத்தப்போ பிள்ளைக்கு போகலாம், அதனால வலி வந்ததும் நரம்பு வழியா பென்சிலின் ஏத்துவாங்க. முன்கூட்டியே மாத்திரை குடிச்சு பிரயோசனம் இல்ல, திரும்ப வந்து குடியேறிக்கும். முன்னால பொறந்த பிள்ளைக்கு இந்தத் தொற்று வந்திருந்தா வாட்ல சேரும்போதே சொல்லிருங்க.

எவ்வளவு பேருக்கு வருது

உலக சுகாதார ஸ்தாபனம் சொல்ற கணக்குப்படி பிள்ளை பெறுற வயசுல இருக்குற பொம்பளைங்கள்ல பிராந்தியத்தை பொறுத்து 23லருந்து 29 வீதம் பேருக்கு பீ.வீ. இருக்கு, அதாவது கிட்டத்தட்ட நாலு பேர்ல ஒருத்தர். அமெரிக்காவுல 2001லருந்து 2004 வரை எடுத்த தேசிய கணக்கெடுப்புல 29 வீதம் வந்துச்சு, அதுல மாசமா இருந்தவங்களை தனியா பாத்தா 25 வீதம். அதே கணக்கெடுப்புல பீ.வீ. இருந்தவங்கள்ல 84 வீதம் பேர் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லன்னுதான் சொன்னாங்க, இந்த நம்பரைத்தான் நான் முக்கியமா நெனக்கிறேன். ஈஸ்ட் தொற்று வாழ்நாள்ல ஒரு தடவையாவது நாலு பொம்பளைங்கள்ல மூணு பேருக்கு வரும். ட்ரைக்கோமோனாஸ் 2020ல மட்டும் உலகம் முழுக்க 156 மில்லியன் பேருக்கு புதுசா வந்திருக்குன்னு மதிப்பீடு.

கிளினிக் பெஞ்சுல இருபது பேரு இருந்தா அஞ்சு பேருக்காவது ஏதோ ஒண்ணு இருக்கும்னு எதிர்பாக்கலாம், அதுல பல பேருக்கு இருக்குறதே தெரியாது, தெரிஞ்சவங்க தனக்கு மட்டும்தான்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு இருப்பாங்க.

பிள்ளைக்கு என்ன ஆகும்

கர்ப்பப்பை வாசல்ல ஒரு சளி அடைப்பு இருக்கும், அது ஒரு மூடி மாதிரி. பீ.வீ. பக்டீரியாவும் ட்ரைக்கோமோனாஸும் அங்க அழற்சியை உண்டாக்கலாம், சில பேருக்கு கிருமி மேல ஏறி பிள்ளையை சுத்தியிருக்குற தண்ணிப்பையை தொடலாம். அழற்சி வந்தா ப்ரொஸ்டகிளண்டின்ங்கிற ரசாயனம் சுரக்கும், பிரசவ வலியை தொடங்கி வைக்கிறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அப்படி நேரத்துக்கு முன்னால பன்னீர்குடம் ஒடையலாம், 37 வாரம் முடியுறதுக்குள்ள பிள்ளை பொறக்கலாம், எடை 2.5 கிலோவுக்கு கொறையலாம். நம்ம நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல எடை கொறைஞ்ச பிள்ளைங்க ஏற்கனவே நாட்டு சராசரியை விட அதிகம், அதுக்கு பெரிய காரணம் தாயோட சத்துக்கொறைவும் ரத்தசோகையும், தொற்று அதோட சேரக்கூடிய இன்னொரு சுமை.

அதுக்காக பயந்துறக் கூடாது. பீ.வீ. இருக்குற பெரும்பாலான தாய்மாருக்கு பிள்ளை நேரத்துக்குத்தான் பொறக்குது, ஆபத்து கூடுதுங்கிறதுக்கு கட்டாயம் நடக்கும்னு அர்த்தம் இல்ல.

இங்க ஒரு ஞாயமான கேள்வி வரும், அப்படின்னா கிளினிக்ல எல்லாருக்கும் ஏன் டெஸ்ட் எடுக்கல? எடுத்து பாத்திருக்காங்க. பிரான்ஸ்ல 84,000 பேருக்கு மேல ஆரம்ப மாசங்கள்லயே சோதிச்சு, ஆபத்து கொறைஞ்ச தாய்மார்ல பீ.வீ. இருந்தவங்களுக்கு மருந்து குடுத்து பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு, முன்கூட்டிய பிரசவம் கொறையல. அதனால தொந்தரவு இல்லாதவங்களை தேடித்தேடி சோதிக்கிறது வழக்கமில்ல, தொந்தரவு இருக்குறவங்களுக்கு மருந்து குடுக்குறதுதான் முறை. ஆக, வாயத் தொறந்து சொன்னாத்தான் இது கண்ணுல படும். முன்னால கொறை மாசத்துல பிள்ளை பொறந்திருந்தா அதையும் சேத்தே சொல்லணும்.

இன்னொண்ணு, "ரத்தம் எல்லாம் எடுத்தாங்களே, இருந்தா அதுல தெரிஞ்சிருக்குமே"ன்னு பல பேர் நெனக்கிறாங்க. தெரியாது. ஆரம்ப கிளினிக்ல எடுக்குற ரத்தத்துல சிபிலிஸ், எச்.ஐ.வி. ரெண்டும் பாப்பாங்க, அந்த வேலையை ஒழுங்கா செஞ்சதாலதான் இலங்கையில தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் போறது ஒழிஞ்சிருச்சுன்னு 2019ல உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் குடுத்துச்சு. ஆனா பீ.வீ.யும் ஈஸ்ட்டும் ட்ரைக்கோமோனாஸும் அந்த ரத்தத்துல தெரியாது, உள்ளருந்து பஞ்சு குச்சியில தொட்டு எடுத்துத்தான் பாக்கணும். ஸ்பெகுலம்னு ஒரு கருவி வச்சு பாப்பாங்க, சில நிமிஷ வேலை, கொஞ்சம் சங்கடமா இருக்கும், பிள்ளையை தொடாது.

மலையில வேலையும் மழையும்

மே மாசம் மழை பிடிச்சா ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வாரக்கணக்குல வெயில் பாக்க முடியாது, பதுளை பக்கம் ஐப்பசி கார்த்திகையில அதே கதை. கொழுந்து எடுக்கும்போது இடுப்புல படங்கு கட்டியிருந்தாலும் செடி ஈரம் உள்பாவாடை வரைக்கும் ஏறிரும், அந்த ஈரத்தோடயே சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். வீட்டுக்கு வந்து தொவச்சா காயப்போட எடம் இல்ல. உள்ளாடையை வெளிய கொடியில போட வெக்கம், அதனால லயத்துல (தோட்டத்துல வரிசையா ஒட்டியிருக்குற வீடு) அடுப்புக்கு மேல கட்டுன கம்பியில ஒரு துண்டுக்கு அடியில மறைச்சு போடுவாங்க, காலையில எடுக்கும்போது பொகை வாடையோட பாதி ஈரமா இருக்கும், அதையேதான் உடுத்திக்கிட்டு மலைக்கு போகணும். ஈரமும் சூடும் சேர்ற எடத்துல ஈஸ்ட் நல்லா வளரும். முடிஞ்சா துண்டை எடுத்துட்டு தொறந்தபடி காயப்போடுங்க, பருத்தித் துணியா பாத்து வாங்குங்க, வேலை முடிஞ்சதும் முதல் வேலையா மாத்துங்க.

அதோட மலையில கக்கூஸ் இல்லாத கொடுமை. ஒண்ணுக்கு போக எடம் இல்லன்னு தண்ணியே குடிக்காம இருக்குற பொம்பளைங்க எத்தனை பேரு. அடக்கி வைக்கிறதுல வர்றது சிறுநீர் தொற்று, அது வேற வியாதி, ஆனா எரிச்சல் ரெண்டுலயும் வர்றதால கொழம்பிரும். மாசமா இருக்குறவங்கள்ல 2லருந்து 10 வீதம் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே சிறுநீர்ல பக்டீரியா இருக்கும், விட்டா சிறுநீரகம் வரைக்கும் ஏறும். மாசமா இருக்குற பொண்ணுக்கு கிட்டத்துல ஒரு கக்கூஸ் குடுக்குறது சலுகை கிடையாது, அது அவளோட உரிமை, தோட்ட நிர்வாகமும் சங்கங்களும் இதை சம்பளப் பேச்சுக்கு சமமா பேசணும்.

இதெல்லாம் சொல்றதால "சுத்தமில்லாதவளுக்குத்தான் வரும்"னு எடுத்துக்காதீங்க. சுத்தம்னு நெனச்சு சோப்பும் கிருமிநாசினி கலந்த தண்ணியும் வேப்பிலை அவிச்ச தண்ணியும் உள்ள ஊத்திக் கழுவுறவங்களுக்குத்தான் லக்டோபசிலஸ் செத்துப்போய் பீ.வீ. வர வாய்ப்பு கூட. வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும், உள்ள ஒண்ணுமே ஊத்த வேணாம், மாமியார் சொன்னாலும் சரி.

மருந்து: பாமசியில கேட்டு வாங்குறது ஏன் சரிவராது

- பீ.வீ., ட்ரைக்கோமோனாஸ் ரெண்டுக்கும் மெட்ரோனிடசோல், வழக்கமா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, பீ.வீ.க்கு அஞ்சோ ஏழோ நாள், ட்ரைக்கோமோனாஸுக்கு ஏழு நாள். மாசமா இருக்குறவங்களுக்கு காலங்காலமா குடுக்குற மருந்துதான், பிள்ளைக்கு ஊனம் வர வைக்கும்னு ஆதாரம் இல்ல. வாயில தகரம் நக்குன மாதிரி ருசி இருக்கும், அதுக்காக மூணாம் நாள் நிப்பாட்டக் கூடாது.
- ஈஸ்ட்டுக்கு உள்ள வைக்கிற க்ளோட்ரிமசோல் மாத்திரையோ கிரீமோ, கர்ப்பத்துல ஏழு நாள் வைக்கிறது நல்லது. சாதாரண நேரத்துல குடுக்குற ஒரே மாத்திரை ஃப்ளுகோனசோலை மாசமா இருக்கும்போது தவிர்க்கணும், கரு கலையுற ஆபத்தோட அதுக்கு தொடர்பு இருக்கலாம்னு ஆய்வுகள் காட்டுது.

பாமசியில போய் "வெள்ளப்படுதுக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டா அவரு எதைக் குடுப்பாரு? பீ.வீ.க்கு ஈஸ்ட் கிரீம் பூசுனா ஒண்ணும் மாறாது, வாரங்கள் வீணாகும். மாசமா இருக்கீங்கன்னு சொல்ல மறந்து அந்த ஒத்த மாத்திரையை வாங்கிக் குடிச்சா அது இன்னும் மோசம்.

எப்படிச் சொல்றது

வெள்ளப்படுதுன்னு நிப்பாட்டாம இந்த அஞ்சையும் சேத்து சொல்லுங்க:

1. என்ன நெறம்
2. கட்டியா, நொரையா, தண்ணியா
3. வாடை இருக்கா, மீன் வாடையா
4. அரிப்பா, எரிச்சலா
5. எத்தனை நாளா, இதுக்கு என்ன மருந்து போட்டீங்க

எல்லார் முன்னாலயும் சொல்ல வெக்கமா இருந்தா ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி கிளினிக் காட் உள்ள வச்சு நீட்டுங்க, இல்லன்னா மிஸ் வீட்டுக்கு பாக்க வர்ற அன்னைக்கு சொல்லுங்க. தமிழ் தெரியாத மிஸ்ஸா இருந்தா சிங்களத்துல "சுது யனவா"ன்னா வெள்ளைபடுது, "கஹனவா"ன்னா அரிக்குது, "மாளு கந்தய்"ன்னா மீன் வாடை. இந்த மூணு போதும், மீதியை அவங்க கேட்டுக்குவாங்க.

கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாதது

தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்தா (துணி மாத்த மாத்த நனைஞ்சா அது வெள்ளைபடுதலா இல்லாம பன்னீர்குடமா இருக்கலாம், சிங்களத்துல "வத்துர யனவா"), ரத்தம் வந்தா ("லே யனவா"), காய்ச்சலோட அடிவயிறு வலிச்சா, 37 வாரத்துக்கு முன்னால விட்டு விட்டு வலி வந்தா, பிள்ளை அசைவு கொறைஞ்சா உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணின்னாலும் 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். மழையில ரோட்டு மோசமா இருந்து லயம் வரைக்கும் வண்டி ஏற முடியாதுன்னா எந்த எடத்துல வந்து நிக்கணும்னு ஃபோன்லயே சொல்லுங்க, அந்த எடத்தை ஏழாம் மாசத்துலயே வீட்டுல பேசி வச்சுக்கோங்க.